கேட்காத கேள்விக்குச் சொன்ன விடை

குருமடத்தில் நாங்கள் பயின்ற காலத்தில், விடுமுறை நாள்களின் மாலை வேளைகளில் விவிலிய வினாவிடைப் போட்டி நடைபெறுவது வழக்கம். ஒருமுறை மூத்த அருள்பணியாளர் ஒருவர், "விவிலியத்தில் பூனை எங்கே வருகிறது?" என்று கேட்டார். சிங்கம், ஓநாய், ஆடு, ஒட்டகம், கழுதை என மற்ற எல்லாம் எங்கள் நாவின் நுனியில் இருந்தன. பூனையை மட்டும் எவராலும் கண்டுபிடிக்க இயலவில்லை. அவர் பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரத்தை விரித்துக் காட்டினார். பாபிலோனியக் கோவில்களின் சிலைகள்மீது வௌவால்களும் குருவிகளும் வந்து அமர்கின்றன; பூனைகளும் அமர்கின்றன; அவை தெய்வங்கள் அல்ல என்பதை இதிலிருந்தே அறிந்துகொள்ளுங்கள் என்பது அப்பகுதியின் பொருள். நம் விவிலியத்தில் வீட்டுப் பூனைக்குக் கிடைத்திருக்கும் இடம் அந்த ஒன்றுதான். நாங்கள் சிரித்தோம், மறந்தும் போனோம்.

சில ஆண்டுகள் கழித்து, அந்த வரி உரோமை நகரில் என் கண்முன்னே உயிரோடு எழுந்து நின்றது.

1997 ஆம் ஆண்டு இறையியல் மேற்படிப்புக்காக என் ஆயர் என்னை உரோமைக்கு அனுப்பினார். கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு. வத்திக்கானுக்கு அருகே தங்குமிடம். நண்பகலில் வகுப்பு முடிந்ததும் வெனிசுச் சதுக்கத்தைக் கடந்து, நம் முத்துக்குளித்துறைக்கு 1542 இல் வந்து சேர்ந்த புனித சவேரியாரின் வலக்கரம் வைக்கப்பட்டிருக்கும் ஜேசு ஆலயத்தில் சிறிது நேரம் முழந்தாளிட்டுவிட்டு, லார்கோ அர்ஜெந்தீனா என்னும் சதுக்கம்வரை நடப்பேன். அங்கேதான் 64 ஆம் எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். திருப்பயணிகளுக்கும் பணப்பை திருடுவோருக்கும் ஒருங்கே பெயர்பெற்ற பேருந்து அது. வருவதற்கு நேரமாகும். காத்திருக்கும் வேளையில் சதுக்கத்தின் நடுவே இருந்த பெரும் பள்ளத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பேன்.

அந்தப் பள்ளம் சாதாரணப் பள்ளமன்று. தெருமட்டத்திற்குப் பல மீட்டர் கீழே, கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட குடியரசுக் காலத்து உரோமைக் கோவில்கள் நான்கு சிதைந்து கிடக்கின்றன. 1920-களில் பழைய வீடுகளை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்ப முயன்றபோது வெளிப்பட்ட இவற்றை, 1929 இல் முழுவதுமாகத் திறந்துவைத்தார்கள். ஒரு கோவிலின்மேல் பிற்காலத்தில் கிறிஸ்தவ ஆலயம் ஒன்று எழுந்து, அதுவும் இடிந்து, அதன் வளைந்த பின்சுவர் மட்டும் எஞ்சி நிற்கிறது. வட்டக் கோவிலுக்குப் பின்னால் தெரியும் கற்பாளம், கி.மு. 44 ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட பொம்பேயு மன்றத்தின் எச்சம். பேரரசுக்கு வித்திட்ட மனிதன் வீழ்ந்த அந்த இடத்தில், நான் பார்த்த நாள்களிலெல்லாம், பூனைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. உடைந்த தூணொன்றுக்கு ஒன்றாக, பாரூக்கு நூலில் எழுதியிருந்தபடியே, அவை தெய்வங்களின் இடத்தில் அமர்ந்திருந்தன.

அகழ்ந்த நாள் முதலே தெருப்பூனைகள் அப்பள்ளத்தில் தஞ்சம் புகுந்தன என்பார்கள். அவற்றுக்கு உணவிடும் பெண்களை இத்தாலியர் 'கத்தாரா' என்று அழைப்பார்கள். அச்சொல்லில் கேலி பாதி, பாசம் பாதி. பக்கத்து நாடக அரங்கில் நடித்துவந்த புகழ்பெற்ற நடிகை ஆன்னா மஞ்ஞானியும் ஓய்வு வேளைகளில் இங்கு உணவோடு வந்து நிற்பாராம். 1990-களின் தொடக்கத்தில் சில்வியா விவியானி, லியா தெகெல் என்னும் இரு பெண்மணிகள் இப்பணியில் இறங்கினர். தெருவுக்கு அடியில் குகைபோல் இருந்த ஈரம் கசியும் தாழ்ந்த அறையொன்றே புகலிடமாயிற்று. 1991 ஆம் ஆண்டின் 281 ஆம் எண் இத்தாலியச் சட்டம், உரிமையாளர் இல்லாத நாய்களையும் பூனைகளையும் கொன்றொழிக்கும் பழைய வழக்கத்தைத் தடைசெய்திருந்தது. பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து, மீண்டும் அவை வாழ்ந்த இடத்திலேயே விட வேண்டும் என்பது அச்சட்டத்தின் வழி. கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டு. நலமுள்ளவை இடிபாடுகளில் உலாவும். பார்வையிழந்தவை, கால் இழந்தவை, தீராத நோயுள்ளவை உள்ளறையில் இருக்கும். யாரேனும் எடுத்து வளர்க்க முன்வந்தால் கொடுத்துவிடுவார்கள். குருட்டுப் பூனையை எடுத்துப்போக எத்தனை பேர் வருவார்கள்? அவை பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்து, அங்கேயே இறந்துபோகும்.

நான் பூனைப் பிரியன் அல்லன். எங்கள் வீட்டில் நெல்மூட்டைக்கு எலி வராதிருக்கப் பூனை இருந்தது. அதற்குப் பெயர்கூட இருந்ததில்லை. உரோமையில் ஒரு குளிர்கால நண்பகலில் திடீரென மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்க இடம் தேடி இரும்புப் படிகளில் இறங்கினேன். உள்ளே எழுபது வயதை நெருங்கும் அம்மையார் ஒருவர் நனைந்த துணிகளை அலசிக்கொண்டிருந்தார். என் கழுத்துப்பட்டையைப் பார்த்ததும், "வாருங்கள் பாத்ரே, உட்காருங்கள்" என்று நாற்காலியில் படுத்திருந்த பூனையைத் தூக்கிவிட்டு இடம் கொடுத்தார். 'பாதிரியார்' என்று நாம் வழங்கும் சொல்லுக்கு மூலமான அச்சொல்லை ஒரு முதியவர் வாயிலிருந்து கேட்டபோது, ஊர் நினைவு வந்தது.

அன்று முதல் வாரம் ஒருமுறையேனும் அங்கே இறங்குவேன். செய்தித்தாள்களை மடித்துக் கூடைகளில் விரிப்பதும் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவுவதும் எனக்கு இடப்பட்ட வேலைகள். அங்கிருந்த பூனைகளுள் மூன்று இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை.

ஒன்று, சாம்பல்நிறக் கிழவி. வளர்த்தவர் இறந்துபோன பின், அட்டைப் பெட்டியில் வைத்துப் படிக்கட்டில் விட்டுச் சென்றிருந்தார்களாம். மாதக்கணக்கில் அது சுவரைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தது. யார் கொடுத்தாலும் உண்ணும், ஆனால் திரும்பாது. இறப்பதற்கு ஒரு வாரம் முன்புதான் முதன்முறையாக முகத்தை அறையின் பக்கம் திருப்பி அமர்ந்தது. அதை ஒரு விழாப்போல் அங்கிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது, மூன்று கால் கொண்ட செம்மஞ்சள் கடுவன். டிராம் பாதையில் கால் போயிற்று என்றார்கள். ஆனால் இடிபாடுகளில் அதுவே அரசன். வட்டக் கோவிலின் மிக உயர்ந்த படியில் வேறு எந்தப் பூனையும் அமர அது விடாது. நான்கு கால் பூனைகள் அதற்கு வழிவிட்டு ஒதுங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், அதிகாரம் பற்றிய பாடங்கள் எனக்கு நினைவுக்கு வரும். ஒருநாள் காலை அந்தப் படியிலேயே உயிரற்றுக் கிடந்ததாம்.

மூன்றாவது, தோபியா. கருநிறம், நெஞ்சில் ஒரு விரல் அகலத்திற்கு வெள்ளை. குட்டிப் பருவத்தில் வந்த கண்நோயை யாரும் கவனிக்காததால் இரு கண்களும் போய்விட்டன. காலடி ஓசையைக் கொண்டே ஆளை அறியும். நான் படியிறங்கத் தொடங்கும்போதே எழுந்து, மேசைக் கால், நாற்காலிக் கால் என்று மீசையால் அளந்து அளந்து வாசலுக்கு வரும். என் காலணியின்மேல் தலையை வைத்து நிற்கும். பெயர் வைத்தவர் அந்த அம்மையார்தாம். நான் அப்போது இருபத்தொன்பது வயது இறையியல் மாணவன் அல்லவா! "சின்யோரா, தவறான பெயர் வைத்துவிட்டீர்கள். பார்வையிழந்தவர் தந்தை தோபித்து, மகன் தோபியாவுக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது" என்று திருத்தினேன். அவர் துணியைப் பிழிந்தபடியே, "அப்பாவுக்கு மருந்து கொண்டுவந்தவன் மகன்தானே? எங்களில் யாருக்கு இவன் மருந்தாக வந்திருக்கிறானோ, யாருக்குத் தெரியும்?" என்றார். அதைப் பாமரரின் விவிலிய விளக்கம் என்று எண்ணி உள்ளூரப் புன்னகைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரமாம் யூபிலி ஆண்டு பிறந்த குளிர்காலத்தில் தோபியா மெலியத் தொடங்கியது. ஓயாமல் தண்ணீர் குடித்தது. சிறுநீரகம் செயலிழக்கிறது என்றார் கால்நடை மருத்துவர். சில வாரங்களில் என் காலடி ஓசைக்குத் தலையை மட்டும் தூக்கியது. பிறகு காதை மட்டும் அசைத்தது. ஒரு பிற்பகல் நான் சென்றபோது, அம்மையார் சிறு பெட்டியொன்றை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். உள்ளே பழைய துவாலையில் சுற்றி வைத்திருந்தார். ஊருக்கு வெளியே இருக்கும் உறவினர் தோட்டத்தில் புதைக்கப்போவதாகச் சொன்னார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "பாத்ரே, ஒரு சிறிய செபம் சொல்வீர்களா?" என்று கேட்டார்.

அன்று காலைதான் ஆன்மாவைப் பற்றிய கருத்தரங்கில் நான் கட்டுரை வாசித்திருந்தேன். புனித தோமா அக்குவினாஸ் கூறும் மூவகை உயிர்நிலைகள் என் தலையில் சூடாக இருந்தன. தாவரத்துக்கு வளரும் உயிர், விலங்குக்கு உணரும் உயிர், மனிதனுக்கு அறிவுயிர். விலங்கின் உயிர் உடலைச் சார்ந்தே இயங்குவதால் உடலோடு முடிந்துவிடுகிறது. அறிவுயிர் மட்டுமே அழியாதது. ஆகவே இறந்தோருக்கான செபம் மனிதருக்கே உரியது. இவற்றையெல்லாம், மறைக்கல்வி வகுப்பில் சொல்வதுபோல், மென்மையாகத்தான் விளக்கினேன். மூலநூலின் பெயரையும் அதிகார எண்ணையும்கூடச் சொன்னதாக நினைவு.

அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பெட்டியின் மூடியைச் சரிசெய்தார். "நான் உங்களிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லையே, பாத்ரே" என்றார். கோபமில்லை அந்தக் குரலில். களைப்பு மட்டுமே இருந்தது.

படியேறி வரும்போது மற்றொரு தொண்டர் என்னோடு வந்தார். "அவர் கணவரை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு கோவில் வாசலை மிதித்ததில்லை. அன்று குருவானவரோடு ஏதோ மனத்தாங்கல். இத்தனை ஆண்டுகளில் ஒரு குருவிடம் அவர் எதையாவது கேட்டது இன்றைக்குத்தான்" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னார். அதனால்தான் அது இன்றுவரை ஆறவில்லை.

அதன்பின் நான் வேறு நிறுத்தத்தில் பேருந்து ஏறத் தொடங்கினேன். வகுப்புகள் கூடிவிட்டன, ஆய்வேடு முடிக்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஊர் திரும்புவதற்கு முன்னர், கோடையில் ஒருமுறை படியிறங்கிச் சென்றேன். அம்மையார் உடல்நலமின்றி வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். முகவரியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

என் தவறு எங்கே இருந்தது என்பதைக் கண்டுகொள்ள எனக்கு நெடுங்காலம் பிடித்தது. நான் சொன்ன கோட்பாட்டில் பிழை இல்லை. இன்றும் அதைத்தான் நான் ஏற்கிறேன். பூனைக்கும் மனிதருக்கும் வேறுபாடு இல்லை என்று சொல்லும் போக்கு எனக்கு உடன்பாடன்று. 1992 இல் வெளிவந்த நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2418 ஆம் எண்ணில் இதைத் தெளிவாக வரையறுக்கிறது: விலங்குகளை வீணாக வதைப்பது மனித மாண்புக்குப் பொருந்தாது, அதே வேளையில், வறுமையில் வாடும் மனிதருக்குச் சேர வேண்டியதை அவற்றுக்குச் செலவிடுவதும், மனிதருக்கே உரிய அன்பை அவற்றின்மீது திருப்புவதும் தகாது. உரோமையில் இருந்தபோது இந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொண்டதுண்டு. நாடக அரங்கின் தாழ்வாரத்தில் வீடற்ற மனிதர்கள் படுத்திருக்க, இங்கே பூனைக்கு மருத்துவமா என்று மனத்துக்குள் தீர்ப்பிட்டிருக்கிறேன். அந்தத் தாழ்வாரத்து மனிதருக்கு நாள்தோறும் காலையில் சூடான காப்பி கொண்டுபோனவர் அதே அம்மையார் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். நானோ பூனைக்கும் ஒன்றும் கொடுத்ததில்லை. அந்த மனிதருக்கும் கொடுத்ததில்லை.

2418 ஐ நினைவில் வைத்திருந்த நான், அதற்கு இரண்டு எண்களுக்கு முன்னே இருப்பதைக் கவனமாகப் படித்ததில்லை. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவை இருப்பதாலேயே அவரைப் போற்றுகின்றன. அவற்றுக்கு நாம் கனிவு காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று கூறும் அப்பகுதி, அசிசி நகர்ப் புனித பிரான்சிசோடு புனித பிலிப்பு நேரியையும் எடுத்துக்காட்டுகிறது. பிலிப்பு நேரி எதற்கு அங்கே வருகிறார் என்று தேடிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1583 இல் அவர் தம் பழைய இல்லமான புனித ஜெரோம் ஆலயத்திலிருந்து புதிய ஆலயத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அவருடைய பூனை பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. சீடர்களுள் ஒருவரை நாள்தோறும் அனுப்பி அதற்கு உணவளிக்கச் செய்தார். மதிப்புக்குரிய விருந்தினர் கூடியிருக்கும் வேளையில், "பூனை நலமா? நன்றாகச் சாப்பிட்டதா?" என்று அக்கறையோடு விசாரிப்பாராம். சீடர்களின் செருக்கை அடக்கும் பயிற்சி அது என்பர் அவர் வரலாற்றை எழுதியவர்கள். செருக்குள்ள குருவைத் திருத்தப் பூனையைப் பயன்படுத்தலாம் என்று அவர் கண்டிருந்தார். அந்த இரு ஆலயங்களும் லார்கோ அர்ஜெந்தீனாவிலிருந்து நடக்கும் தொலைவில்தான் இருக்கின்றன. நான் எத்தனையோ முறை கடந்து சென்றவை.

நம் மறைநூலையும் அதன்பின் வேறு கண்ணோடு படித்தேன். இரண்டு காசுக்கு ஐந்தாக விற்கப்படும் சிட்டுக்குருவிகளில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். அவற்றின் ஆன்மா அழியுமா அழியாதா என்று அவர் விளக்கவில்லை. மறக்கப்படுவதில்லை என்று மட்டும் சொல்கிறார். நினிவே நகருக்கு இரங்கும் இறைவன் 1,20,000 மனிதரோடு அங்கிருந்த விலங்குகளையும் சேர்த்தே எண்ணுகிறார். யோனா நூல் அவற்றைச் சொல்லித்தான் முடிகிறது. தோபியாவின் பயணத்தில் வானதூதரோடு ஒரு நாயும் நடக்கிறது. படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவித்து விடுதலைக்காகக் காத்திருக்கிறது என்று உரோமையருக்கு எழுதுகிறார் திருத்தூதர் பவுல். 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' மடலின் இறுதிப் பகுதி, நிலைவாழ்வில் ஒளியுருப் பெற்ற ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் இடம் உண்டு என்ற நம்பிக்கையைச் சொல்கிறது. அது எவ்வாறு என்பது இறைவனுக்கே வெளிச்சம். தோபியா விண்ணகத்தில் இருக்கிறது என்று நான் மேடையில் நின்று சொல்ல மாட்டேன். ஆனால் படைத்தவரின் நினைவில் அது இல்லை என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை.

அதைவிட எளிய உண்மை ஒன்றும் இருந்தது. அம்மையார் என்னிடம் கேட்டது இறந்தோருக்கான வழிபாடு அன்று. ஒரு சிறிய செபம். 'ஆண்டவரே, இந்த உயிரை எங்களுக்குச் சில காலம் தந்ததற்கு நன்றி. துயருறும் இந்த மகளைத் தேற்றும்' என்று நான் சொல்லியிருந்தால், எந்த அக்குவினாசும் என்னைக் கடிந்துகொண்டிருக்க மாட்டார். இருபது நொடிகள் போதும். கோட்பாட்டின் காவலனாக நின்றதில், மேய்ப்பனாக நிற்க மறந்தேன்.

2025 ஆம் ஆண்டு யூபிலித் திருப்பயணமாக எம் பங்கு மக்கள் சிலரோடு மீண்டும் உரோமைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. இருபத்தைந்து ஆண்டுகள் ஓடியிருந்தன. ஒரு பிற்பகல் தனியே லார்கோ அர்ஜெந்தீனாவுக்குப் போனேன். 2023 ஜூன் முதல் இடிபாடுகளுக்குள் நடைபாதை அமைத்துப் பார்வையாளரை அனுமதிக்கிறார்கள். 2012 இல் தொல்லியல் அதிகாரிகள் புகலிடத்தை அகற்ற முனைந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்ததையும், புகலிடம் தப்பியதையும் முன்பே படித்திருந்தேன். பூனைகள் இருந்தன. அதே தூண்கள்; வேறு பூனைகள். உள்ளே சென்று, அக்காலத்தில் இங்கே இருந்த முதிய அம்மையாரைப் பற்றி விசாரித்தேன். அங்கிருந்த இளம்பெண் அப்போது பிறந்தேயிருக்க மாட்டாள். அன்போடு கேட்டுக்கொண்டாள், அவளுக்குத் தெரியவில்லை.

வட்டக் கோவிலின் எதிரே நின்று, அம்மையாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபித்தேன். பின்னர், அன்று சொல்லாமல் விட்ட அந்த நன்றிச் செபத்தை, சாம்பல்நிறக் கிழவி, மூன்று கால் அரசன், தோபியா என மூன்றையும் நினைத்துச் சொன்னேன். உரிய வேளையில் கொடுக்காத மருந்துதான். ஆயினும் சொன்னேன்.

சென்ற கல்லறைத் திருநாளன்று எம் பங்கில் கல்லறைகளை மந்திரித்து முடித்து, தீர்த்தச் செம்போடு திரும்பிக்கொண்டிருந்தேன். மனைவியை இழந்து தனியாக வாழும் முதியவர் ஒருவர், கூட்டம் கலையும்வரை காத்திருந்து அருகில் வந்தார்.

"சாமி, சொன்னா சிரிப்பீங்க. எங்க வீட்டுப் பூனை போன வாரம் செத்துப்போச்சு. அவ வளர்த்தது. அவ போனதுக்கப்புறம் எனக்குத் துணைக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, கல்லறைத் தோட்டத்து வாசற்படியில் அவரோடு அமர்ந்தேன்.

"அதுக்கு என்ன பேரு வச்சிருந்தாங்க, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். முடிக்கும்போது மெழுகுதிரிகள் பாதி எரிந்திருந்தன. அதன்பின் இருவரும் எழுந்து நின்று, இருபது நொடி நேரம் இறைவனுக்கு நன்றி சொன்னோம்.